ஆட்டம் வேறு, நாட்டியம் வேறு

கோயமுத்தூர் கணபதியில், கிருபாசங்கர் வீட்டு வாசல் தென்னையில் வீடியோ டேப் சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நிலையில் பொங்கலுக்குச் செருகிய வேப்பிலைக் காப்பு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். தெருவில் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

கேசட்டை உடைத்து டேப்பை உருவி எறிந்தவள் ராசாத்தாள். கல்லூரி ஆண்டு விழாவில் அவள் மகள் சண்முகப்பிரியா ஆடியதை யாரோ படம் பிடிக்க, அது ஊர் சுற்றி, பரதநாட்டிய ஆசிரியர் லட்சுமணசாமியின் வீடு வரைக்கும் போய்விட்டுத் தாயின் கைக்கு வந்து சேர்ந்த கதைதான் போன வாரமெல்லாம் நாறியது. ஒரே பாட்டுக்குள் குஜராத்திக் கோலாட்டம், நடுவில் சினிமா, முடிவில் டிஸ்கோ. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம் வைத்திருக்கிற பெண் செய்கிற வேலையா இது?

விடிந்ததும் டெலிபோன் அடித்தது.

"அம்மா, லட்சுமணசாமி பேசறேனுங்க. கேசட்டப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க மாஸ்டர். வயிறு எரிஞ்சு போச்சு."

"எனக்கு யாரு மேலயும் கோவமில்லீங்க. ஆனா ஒரு ஒடம்புக்கு ஒரு ஆட்டந்தானுங்க நிக்கும். இடுப்ப அப்பிடி இப்பிடி ஒடிச்சுப் பழகுனா அரைமண்டி உக்காராது. நம்ம ஆட்டத்துக்கு..."

"ஆட்டம்னு சொல்லாதீங்க மாஸ்டர். நாட்டியம்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"சரிங்க, நாட்டியம். சாயந்திரம் வாரேன். இனிமே வேற எதுவும் ஆடறதில்லீன்னு உங்க பொண்ணு வாயாலயே எனக்குச் சொல்லோணும். இல்லீன்னா ஞாயித்துக்கிழமை நட்டுவாங்கத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

அந்த வீட்டில் 'ஆட்டம்' என்பது கெட்ட வார்த்தை. ஆட்டம் என்றால் தெரு, சினிமா, சாமி வந்து குதிப்பது. நாட்டியம் என்றால் பட்டு, மேடை, முன்வரிசை நாற்காலி. பால்காரர் கேட்டாலும் சரி, மில் முதலாளியின் சம்சாரம் கேட்டாலும் சரி, "பாப்பா ஆட்டம் எப்பங்க?" என்றால் முதலில் வார்த்தையைத் திருத்திவிட்டுத்தான் ராசாத்தாள் தேதியைச் சொல்வாள்.

பிரியா சமையலறை நிலையில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. அம்மா பேசியது முழுக்கக் காதில் விழுந்தும் விழாத மாதிரி நின்றாள்.

"கேட்டீல்ல?"

"கேட்டேனுங்."

"சாயந்திரம் மாஸ்டர் வந்ததும், பரதம் மட்டுந்தான், கண்ட கூத்தெல்லாம் இனி இல்லீன்னு சொல்லிப்போடு."

பிரியா டம்ளரை மேடையில் வைத்தாள். "பரதம் புடிக்கலீன்னு நான் எப்பங்மா சொன்னேன்? அதுவும் புடிக்குது, கோலாட்டமும் புடிக்குது, கும்மியும் புடிக்குது. எல்லாத்தையும் இந்தக் காலுதான ஆடுது?"

"எல்லாம் புடிக்குதுங்கறவளுக்கு ஒண்ணும் முழுசா வராது. என்னையப் பாரு. வீணைக்குப் போனேன், பாதியில உட்டேன். இந்தி படிச்சேன், மொதப் பரீட்சையோட சரி. டைப்பு, தையலு, பெயிண்டிங்கு, எதைத்தான் தொடல? லேடீஸ் கிளப்புல புதுசா வந்தவ, 'உங்களுக்கு என்ன தெரியும்'னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? பம்பு கம்பெனிக்காரர் பொண்டாட்டினு சொல்றேன். உனக்கு அந்த நெலம வரக் கூடாது. இது ஒண்ணு தெரியும், இதுல என்னைய மிஞ்ச ஆளில்லீன்னு நீ சொல்லோணும்."

ராசாத்தாள் பொய் சொல்லவில்லை. அவிநாசியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளை அரிக்கிற சங்கதி அது. கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருந்தால் மகள் கேட்டிருக்கக்கூடும். மெதுவாகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

மகளுக்கும் இல்லை.

"நீங்க பாதியில உட்டதுக்கெல்லாம் நான் முடிச்சு வெக்கோணுங்களா?"

ராசாத்தாள் வீசிய டம்ளர் பறந்து சுவரில் மோதியது. காபி காலண்டர் வரைக்கும் தெறித்தது.

உள்ளறையிலிருந்து கிருபாசங்கர் வந்தார். இரும்பு உருக்கிற உலைக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிற மனுஷர், வீட்டில் குரல் உயர்ந்தால் செருப்பைத் தேடுவார். இன்றைக்குச் செருப்போடு கார் சாவியும் கையில் இருந்தது.

"அக்காவ அழைக்கப் போகோணுமே. நேரமாகுது, கெளம்பலாமா?"

அதுதான் ராசாத்தாளின் தலைவலி. விசேஷமென்றால் கூடப்பிறந்தவளை முதல் ஆளாக, நேரில் போய், தட்டு வைத்து அழைக்க வேண்டும். கிருபாசங்கரின் அக்கா பூவாத்தாள் அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறாள். ராசாத்தாளுக்கு நங்கை. இருவருக்கும் ஆகவே ஆகாது. அதனால் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, ஊரையெல்லாம் அழைத்து முடித்துவிட்டுக் கடைசியாக நங்கை மட்டும் பாக்கி. அத்தை கையால் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும் என்பதால் பிரியாவையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக வழியில்லை.

"போனமா, அழைச்சமா, வந்தமான்னு இருக்கோணும்" என்றாள் ராசாத்தாள். "இன்னிக்கு அங்க பூ நோம்பி. அந்தப் பக்கமே நீ திரும்பிப் பாக்கக் கூடாது."

பிரியா தலையாட்டினாள். அவள் வாயைத் திறக்காமல் தலையாட்டினால் நம்பக் கூடாது என்று பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

*

அம்பாசடர் கோவில்பாளையம் தாண்டித் தோட்டத்து வாசலில் போய் நின்றது.

பூவாத்தாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காரைப் பார்த்தும் எழவில்லை. தம்பி இறங்கிய பிறகு எழுந்தாள். தம்பி பெண்டாட்டி கையில் தாம்பாளத்தைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"வாங்க அம்மணி. வழி தெரிஞ்சுதுங்களா?"

"ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு அரங்கேற்றங்க நங்கை. நீங்க முன்னால வந்து நின்னு நடத்திக் குடுக்கோணும்."

பூவாத்தாள் தட்டை வாங்கவில்லை. "சங்கரு, இன்னிக்கு என்ன தேதிடா?"

"தை மூணுங்கக்கா."

"தை மூணு கரிநாளு. ஏனுங்க அம்மணி, உங்க கோயமுத்தூருக் காலண்டர்ல அதெல்லாம் போடறதில்லீங்களா? ஊரு பூராவும் நல்ல நாள்ல அழைச்சுப்போட்டு எனக்குக் கரிநாள்ல தட்டத் தூக்கிட்டு வந்துருக்கறீங்க."

ராசாத்தாளின் முகம் சுண்டிப்போனது. காலண்டரைப் பார்த்திருக்க வேண்டும்தான். பார்க்கப் போன நேரத்தில்தான் அதன் மேல் காபி வழிந்துகொண்டிருந்தது.

"தெரியாமப் போச்சுங்க."

"தெரியாமப் போகல. நெனைப்பு இல்ல." பூவாத்தாள் தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். பத்திரிகையை எடுத்து எட்டப் பிடித்துப் படித்தாள். "கண்ணு, உன்ற ஆட்டத்துக்கு இத்தாச்சோடு பெருசாப் பத்திரிகையா?"

"ஆட்டம் இல்லீங்க, நாட்டியம்" என்றாள் ராசாத்தாள்.

"எனக்கு அந்த நாயமெல்லாம் தெரியாதுங்க. கால எடுத்து வெச்சா ஆட்டம். வெக்காட்டி சும்மா நிக்கறது."

பிரியா சிரித்துவிட்டாள். ராசாத்தாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அந்த நேரம் பார்த்து இட்டேரிப் பக்கமிருந்து பெண்பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். பட்டுப்பாவாடை, தாவணி, கையில் கூடை. கள்ளிவேலிகளுக்கு நடுவே போகும் அந்த வண்டித் தடத்தில் போய், காட்டோரம் ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, பொழுது சாய்வதற்குள் பூவைப் பிள்ளையாருக்குக் கொண்டுவந்து போட வேண்டும். அதுதான் பூ நோம்பி. பிரியாவைக் கண்டதும் ஒரே கூச்சல்.

"பிரியாக்கா! வாங்கக்கா, வாங்க!"

"அவ வரமாட்டா" என்றாள் ராசாத்தாள்.

"நோம்பியன்னிக்கு வந்த புள்ளைய ஊட்டுக்குள்ள பூட்டி வெக்கறதுக்கு இதென்ன ஜெயிலுங்களா?" பூவாத்தாள் உள்ளே போய்க் கூடையோடு வந்தாள். "போயிட்டு வா சாமி. நான் சொல்றேன்."

அவள் வீட்டு வாசலில், அவள் ஊர்க்காரர்கள் முன்னால், கரிநாளில் வந்த குற்றவாளி எவ்வளவுதான் மல்லுக்கட்ட முடியும்? ராசாத்தாள் மகளின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"பூப் பறிக்கறதோட சரி. வட்டத்துல நிக்காத. கை தட்டாத. ஒத்த அடி எடுத்து வெக்காத. புரியுதா?"

"சரிங்மா."

*

கொஞ்ச நேரத்தில் காட்டுப் பக்கமிருந்து கும்மிச் சத்தம் கேட்டது.

ராசாத்தாள் மோர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். கிருபாசங்கர், "இரு, நான் போயிக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் இட்டேரியில் பாதி தூரம் போயிருந்தாள். பின்னால் பூவாத்தாளும் வந்தாள்.

அறுத்த சோளக்காடு. நடுவில் பூக்கூடைகளைக் குவித்து வைத்துச் சுற்றிலும் வட்டம். "மஞ்சப் பூவு யாருக்கு?" என்று ஒரு குரல் கேட்க, "மாமன் ஊட்டு வாசலுக்கு!" என்று மற்றவர்கள் குனிந்து கை தட்டினார்கள். கேட்ட குரல் பிரியாவுடையது.

வட்டத்தில் நின்றதோடு போகவில்லை. வட்டத்துக்கே அவள்தான் தலைமை.

வேலியோரத்தில் ராசாத்தாள் நின்றுவிட்டாள். முதலில் அவள் கண்ணில் பட்டது மகளின் கால் அல்ல, முகம். எத்தனை மேடைகளில் இந்த முகத்துக்கு மைபோட்டுப் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறாள்! "சிரி, சிரி" என்று திரைக்கு அந்தப் பக்கம் நின்று சாடை காட்டியிருக்கிறாள். இந்தச் சிரிப்பை ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரோ தன் வீட்டுச் சாமானைத் திருடி அனுபவிப்பதைப் பார்க்கிற மாதிரி அவளுக்குப் பொறாமையாக இருந்தது. யார் மேல் பொறாமை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அப்போது பிரியா இன்னொரு காரியம் செய்தாள். கும்மியின் ஓட்டத்திலேயே அரைமண்டியில் உட்கார்ந்து, கண்ணால் ஒரு பூவைத் தேடி, விரல் நுனியால் கிள்ளி, முகர்ந்து, தலையில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் வர்ணத்துக்குச் சொல்லிக்கொடுத்த அபிநயம், அப்பட்டமாக. பிள்ளைகள் "ஹோ"வென்று கத்தினார்கள். சின்னவள் ஒருத்தி அதே மாதிரி உட்காரப் பார்த்துப் பொத்தென்று விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிரியா அவளைத் தூக்கிவிட்டு மறுபடி செய்து காட்டினாள்.

ராசாத்தாளுக்குத் தாங்கவில்லை. சினிமாவுக்கு ஆடினதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கென்று பொத்திப் பொத்தி வைத்ததைச் சோளக்காட்டில் கொண்டுவந்து கொட்டுகிறாளே!

வட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். போன வேகத்தில் கால் கூடைகளில் இடித்து ஆவாரம்பூ முழுக்க மண்ணில் கொட்டியது. அதை மிதித்துக்கொண்டுதான் மகளின் தாவணியைப் பிடித்தாள்.

"கை தட்டாதன்னு சொன்னனா இல்லியா?"

"அம்மா, உடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! பொய்க்காரி!"

பாட்டு நின்றது. பூவாத்தாள் குனிந்து ஒரு பூவை எடுத்து ஊதினாள். மிதிபட்ட பூ சாமிக்கு ஆகாது. அவள் குரல் உயரவே இல்லை.

"பிள்ளையாருக்குப் பறிச்ச பூவுங்க அம்மணி. ஊரு நோம்பிய மிதிச்சுப்போட்டீங்க."

"உங்க நோம்பி என்ற பொண்ணோட வாழ்க்கையக் கெடுக்குது நங்கை."

*

நங்கை வீட்டுக்குத் திரும்பியதும் ராசாத்தாள் நேராகச் சாமி படங்களுக்கு முன்னால் போய் நின்றாள். அங்கிருந்த செம்புத் தட்டில் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தாள். வேறொருத்தி வீட்டுச் சாமி, வேறொருத்தி வீட்டுக் கற்பூரம். கேட்கவும் இல்லை.

"வா இங்க. வாய் வார்த்தையெல்லாம் உன்னோட ஆகாது. கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு."

கிருபாசங்கருக்கு நிஜமாகவே பயம் வந்தது. "ராசாத்தா, அது வேண்டாம். அணைச்சா அப்பறம் மாத்த முடியாது."

"மாத்த முடியாதுன்னுதான் கேக்கறேன்."

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோர்ட்டில் சொன்ன வார்த்தையை மாற்றிக்கொண்டு நடமாடுகிறவன்கூட, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன வார்த்தையை மாற்றமாட்டான். மாற்றினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

"அம்மணி" என்றாள் பூவாத்தாள். "என்ற ஊட்டுச் சாமி முன்னால வேண்டாமுங்க. உங்க கோவத்த உங்க ஊட்டுல போயிக் காட்டுங்க."

"நீங்க குடுத்த எடம்தான இதெல்லாம்? நீங்களும் பாருங்க." ராசாத்தாள் மகளைப் பார்த்தாள். "இனிமே ஆட மாட்டேன்னு சொல்லி அணை."

பிரியா தட்டைப் பார்த்தாள். வாசலில் கும்மியடித்த பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பறித்த பூ இல்லாமல் வெறுங்கூடையோடு நின்றார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கேட்டது நிதானமாகக் கேட்டாள்.

"என்னன்னு சொல்லோணுங்?"

"சொன்னனே. இனிமே ஆட மாட்டேன்."

"அவ்வளவு போதுங்களா?"

"போதும்."

"அப்பறம் நான் அப்பிடிச் சொல்லல, இப்பிடிச் சொல்லலீன்னு பேசக் கூடாதுங்."

"என்றகிட்ட நாயம் பேசாத. அணைடீ!"

பிரியா கையை நீட்டினாள். "இனிமே நான் ஆட மாட்டேன்."

உள்ளங்கை இறங்கியது. சுடர் நசுங்கிப் புகை வந்தது. சின்னப் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

பூவாத்தாள் பிரியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ராசாத்தாளைப் பார்த்தாள். தரையில் இருந்த தாம்பாளத்தை எடுத்து, பத்திரிகையோடு அப்படியே தம்பி கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ எடுத்துட்டுப் போ சங்கரு. கரிநாளு அழைப்பு எனக்கு வேண்டாம்."

*

திரும்பி வருகிற வழியில் கணேசபுரத்துக்கிட்டே கிருபாசங்கர் காரை ஓரங்கட்டினார்.

"ராசாத்தா, நீ என்ன சத்தியம் வாங்கியிருக்கறேன்னு ஒரு தடவ யோசிச்சுப் பாரு."

"வண்டிய எடுங்க. நீங்க மொதல்லயே கண்டிச்சிருந்தா எனக்கு இந்தப் பொழப்பு எதுக்கு?"

வண்டியை எடுத்தார். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் கிருபாசங்கர் இல்லை.

பின் சீட்டில் பிரியா கையை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். கை எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குத் தைத்து வைத்த மயில்கழுத்து நிறப் பட்டை நினைத்துக்கொண்டாள். அதைக் கட்டிக்கொண்டு ஆடவிருந்த தில்லானா அவளுக்கு உயிர். அழுதால் அம்மா ஜெயித்துவிடுவாள் என்று வெளியே பார்த்துக்கொண்டாள்.

சாயந்திரம் சொன்னபடி லட்சுமணசாமி வந்தார். தாளம் தட்டும் தட்டுக்கழியையும் பலகையையும் எடுத்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். ராசாத்தாளுக்கு ஒரே உற்சாகம்.

"வாயால என்னங்க மாஸ்டர், சத்தியமே பண்ணிக் குடுத்துட்டா. கற்பூரம் அணைச்சு."

"அட, அந்த அளவுக்கெல்லாம் எதுக்குங்க?" என்றாலும் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "சரி, பாப்பா எங்க? வர்ணத்துல இருந்து ஒரு தடவ பாத்துறலாம்."

பிரியா வந்தாள். சாதாரணப் பாவாடை தாவணி. தரையில் உட்கார்ந்தாள். சலங்கை அவள் மடியில் இருந்தது, காலில் இல்லை.

"கட்டு" என்றாள் ராசாத்தாள்.

"எதுக்குங்மா?"

"எதுக்கா? ஆடறதுக்குத்தான்!"

சொல்லி முடித்த பிறகும் அவளுக்கு உறைக்கவில்லை. கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆட மாட்டேன்னுதானுங்க சத்தியம் பண்ணியிருக்கறேன்" என்றாள் பிரியா.

"ஏய், அது ஆட்டத்தச் சொன்னேன். கும்மி, டிஸ்கோ, அந்தக் கண்றாவியெல்லாம். இது நாட்டியம்."

"செரிங்மா. நாட்டியத்த என்ன பண்றதுங்க?"

"என்ன பண்றதுன்னா?"

"ஆடத்தான பண்ணோணும்? வேற எதாச்சும் பண்ணலாம்னா சொல்லுங்க, பண்ணறேன்."

ராசாத்தாள் வாயைத் திறந்தாள். நாட்டியம்... செய்வது? நாட்டியம்... பண்ணுவது? மாஸ்டரைப் பார்த்தாள். அவரும் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்துவிட மாட்டாரா என்று பார்த்தாள். வருஷக்கணக்காக "ஆடு, ஆடு" என்று பலகையைத் தட்டிய மனுஷர் என்னத்தைக் கொடுப்பார்?

"பாப்பா, கையக் காட்டு" என்றார் லட்சுமணசாமி.

பிரியா கையை விரித்தாள். பாடத்தின் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்த பதாக முத்திரை போலத்தான் விரிந்தது. நடுவில் கரி, அதைச் சுற்றிச் சிவந்திருந்தது.

மாஸ்டர் தட்டுக்கழியைப் பலகை மேல் வைத்துவிட்டு எழுந்தார். "நான் கேட்டது வாய் வார்த்தைங்க அம்மா. அதுவும் அரங்கேற்றத்துக்காகக் கேட்டது. நீங்க அரங்கேற்றத்தையே வாங்கிட்டீங்க."

"உன்றகிட்ட நான் தோக்க மாட்டேன்டீ" என்று மகளிடம் சொன்னாள் ராசாத்தாள். "வேணும்னேதான பண்ணுன?"

"ஆமாங்மா" என்றாள் பிரியா. "வேணும்னேதான். நீங்க ஒண்ணு போதும்னீங்க. நீங்க கேட்டதுல அந்த ஒண்ணும் போயிருச்சு." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சலங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகையைப் பார்த்துச் சந்தோஷப்பட ராசாத்தாளால் முடியவில்லை. டெலிபோனை எடுத்தாள். அன்னூர் எண்ணைச் சுழற்றினாள்.

"நங்கை, நான் ராசாத்தா."

"தெரியும். கற்பூரம் அணையறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எப்பக் கூப்புடுவீன்னுதான் போன்கிட்ட உக்காந்திருக்கறேன்."

காலையில் இருந்த 'ங்க' எல்லாம் போய்விட்டிருந்தது. ராசாத்தாள் அதைக் கவனித்தாள். விழுங்கிக்கொண்டாள்.

"அந்தச் சத்தியத்த எடுக்கறதுக்கு வழி இருக்குதுங்களா?"

"வாங்குனவ வந்து, வாங்குன எடத்துலயே திருப்பிக் குடுத்தா உட்டுப்போகும். ஆனா அது என்ற ஊட்டுச் சாமி. நோம்பிய மிதிச்சவளுக்கு நான் சும்மா கதவத் தெறக்க மாட்டேன்."

"என்ன பண்ணோணும்னு சொல்லுங்க. பண்ணறேன்."

"நாளைக்குக் காலையில வா. அந்தப் புள்ளைகளையெல்லாம் அதே காட்டுல நிறுத்தி வெக்கறேன். புதுசாப் பூப் பறிச்சு, வட்டத்துக்கு நடுவுல வந்து நிக்கோணும். உன்ற மகளும் பாக்கோணும், உங்க மாஸ்டரும் பாக்கோணும்."

"நின்னு?"

"ஆடோணும்."

கூடத்தில் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிசீவருக்குள் பூவாத்தாள், "என்ன அம்மணி, இருக்கறயா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

'ஆடோணும்' என்ற அந்த வார்த்தையை ராசாத்தாள் திருத்தவில்லை.